முதல் படகு டைவுக்கு முன்: புதிதாக ஸ்கூபா கற்றவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதியவர்களோடு படகில் போய்வரும்போது ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. பாதி கேள்விகள் தயக்கத்தோடு வரும், அதுவும் படகு கிளம்பிய பிறகு. அந்த நேரத்தில் பதில் சொல்லிப் பெரிய பயனில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

கார்டு வந்துடுச்சு. இனி எந்தக் கடல்லயும் இறங்கலாம்தானே?

முதல் நிலைப் பயிற்சியை முடித்ததும் கிடைக்கும் ஓப்பன் வாட்டர் கார்டு சொல்வது ஒன்றுதான்: நீங்கள் கற்றுக்கொண்ட சூழலைப் போன்ற சூழலில், ஒரு ஜோடியோடு (கூடவே இறங்கும் துணை டைவர்), சுமார் 18 மீட்டர் வரை இறங்கலாம். சில பயிற்சி அமைப்புகள் 20 மீட்டர் என்று வைத்திருக்கின்றன. ‘கற்ற சூழலைப் போன்ற’ என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அமைதியான விரிகுடாவில் கற்றவருக்கு, நீரோட்டம் இழுக்கும் நடுக்கடல் பாறை புதிய பாடம். ஆழம் இரண்டிலும் 15 மீட்டராகவே இருக்கலாம்.

கார்டு காலாவதி ஆவதில்லை, பழக்கம்தான் காலாவதி ஆகிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை என்றால், பயணத்துக்கு முன் நீச்சல் குளத்திலோ ஆழம் குறைந்த இடத்திலோ ஒரு புத்தாக்கப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவது கைக்குத் திரும்ப வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கரையிலேர்ந்து இறங்கினா என்ன, படகுலேர்ந்து குதிச்சா என்ன? தண்ணி ஒண்ணுதானே?

தண்ணீர் ஒன்றுதான். பிரச்சினை வருவது பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே. பயிற்சியில் நீருக்கு அடியில் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்லித் தருகிறார்கள். ஆடும் தளத்தில் இருபது கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்துகொண்டு நிற்பது, வரிசையில் குதிப்பது, மேலே வந்ததும் படகைத் தேடுவது, அலையில் ஏறி இறங்கும் ஏணியைப் பிடிப்பது இதெல்லாம் பலருக்கு முதல் படகுப் பயணத்தில்தான் அறிமுகம். என்னைக் கேட்டால் ஆழத்தை விட ஏணிக்குத்தான் புதியவர் அதிகம் பயப்பட வேண்டும்.

குதிக்கும் முன் மூன்றைப் பாருங்கள். பிசிடி ஜாக்கெட்டில் (காற்றடைத்து மிதக்க உதவும் மேலங்கி) காற்று இருக்கிறதா, சிலிண்டர் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, கீழே யாராவது மிதக்கிறார்களா. வால்வைச் சோதிக்க எளிய வழி உண்டு. ரெகுலேட்டரில் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி) நான்கைந்து முறை ஆழமாக மூச்சிழுத்துக்கொண்டே, சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பாருங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை.

திரும்பும்போது, ஏணியில் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கையில் அவருக்கு நேர் கீழே மிதக்காதீர்கள். அவர் வழுக்கினால் சிலிண்டர் உங்கள் தலையில்தான் விழும். காலில் மாட்டிய துடுப்பான ஃபின்னைக் கழற்றுவது ஏணியையோ கயிற்றையோ கெட்டியாகப் பிடித்த பிறகுதான். என் மூன்றாவது படகு டைவில் அவசரப்பட்டு இரண்டையும் முன்பே கழற்றிவிட்டேன். அடுத்த நொடி ஒரு அலை என்னைப் படகிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. கையால் துழாவி நீந்தி ஓர் அங்குலம்கூட முன்னேற முடியவில்லை. படகின் பின்னால் மிதக்கவிட்டிருந்த கயிறு கையில் அகப்பட்டதால் தப்பித்தேன். அந்தக் கயிறு எதற்கு என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

நாலு டைவ்தான் போட்டிருக்கேன். எல்லாரும் சொல்ற அந்தப் பிரபலமான இடத்துக்கே முதல்ல போகலாமா?

பிரபலமான இடங்கள் பலவும் நீரோட்டத்தால்தான் பிரபலமாகின்றன. ஓட்டம் உணவைக் கொண்டுவருகிறது, உணவு மீன் கூட்டத்தைக் கொண்டுவருகிறது, மீன் கூட்டம் சுறாவைக் கொண்டுவருகிறது. நீங்களும் அதே ஓட்டத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். முதல் பத்துப் பதினைந்து டைவுக்குத் தேட வேண்டியது வேறு மாதிரியான இடம்: 12 மீட்டருக்குள் மணல் தரையோ சரிவோ இருப்பது, காற்று மறைவாக இருப்பது, நங்கூரக் கயிற்றையோ மிதவைக் கயிற்றையோ பிடித்து இறங்கி ஏற முடிவது.

செங்குத்தான சுவர் போன்ற இடங்கள் பார்க்க அழகு. ஆனால் காலுக்குக் கீழே தரை தெரியாதபோது, ஜாக்கெட் காற்றைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் தன்னை அறியாமலேயே 25 மீட்டருக்குப் போய்விடுவார். தரை இருந்தால் தவறு அங்கேயே நின்றுவிடும்.

படகுக்காரங்ககிட்ட என்ன கேக்கணும்? கேட்டா சந்தேகப்படறோம்னு நினைக்க மாட்டாங்களா?

நல்லவர்கள் நினைக்க மாட்டார்கள். முகம் சுளித்தால் அதுவே உங்களுக்கு வேண்டிய பதில். நான் கேட்பது: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? எல்லோரும் நீரில் இருக்கும்போது படகை ஓட்டத் தெரிந்தவர் மேலே இருப்பாரா? நூறு சதவீத ஆக்சிஜன் படகில் இருக்கிறதா, அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் உண்டா? கரையோடு பேச ரேடியோ உண்டா? மிக அருகிலுள்ள அழுத்த அறை (டைவால் வரும் அழுத்தக் குறைவு நோய்க்குச் சிகிச்சை தரும் அறை) எங்கே, போய்ச்சேர எவ்வளவு நேரம்?

அப்புறம் ஒரு கேள்வி, பலர் கேட்கக் கூச்சப்படுவது: ஆட்களை எப்படி எண்ணுகிறீர்கள்? 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. இரண்டு நாள் கழித்துத்தான் அவர்கள் இல்லை என்பதே தெரிந்தது. இருவரும் கிடைக்கவே இல்லை. தலையை எண்ணினால் மட்டும் போதாது என்பதை அன்று உலகம் கற்றுக்கொண்டது. பெயர்ப் பட்டியல் வைத்து, ஒவ்வொருவரும் நேரில் பதில் சொன்ன பிறகு டிக் அடிக்கும் படகைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர் உங்களுக்காகப் பதில் சொல்ல விடாதீர்கள்.

மழை இல்லன்னா கிளம்பிடலாம்ல?

டைவருக்கு மழை இரண்டாம்பட்சம், காற்றுதான் முதலில். கடல் முழுக்க வெள்ளை நுரை தெரிகிற அளவுக்கு, மணிக்கு 15 நாட்டிகல் மைலுக்கு மேல் காற்று அடித்தால் சிறிய படகில் புதியவருக்குச் சிரமம். ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே என்றால், மழை நின்று இரண்டு நாள் ஆனாலும் கலங்கல் தங்கியிருக்கும்.

அலை உயரத்தோடு, இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நொடிகளையும் முன்னறிவிப்பில் பாருங்கள். ஒரு மீட்டர் அலை ஐந்து நொடிக்கு ஒன்று வந்தால் படகு குலுக்கியெடுக்கும். அதே ஒரு மீட்டர் பன்னிரண்டு நொடிக்கு ஒன்று வந்தால் தாலாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்த நீண்ட அலை ஆழம் குறைந்த பாறைகளில் உங்களை முன்னும் பின்னும் இழுத்து மோதவைக்கும். ஆகவே தாலாட்டை நம்பிப் பாறையை ஒட்டி நிற்க வேண்டாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் அதிகம், அதனால் பல இடங்களில் நீரோட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தணிந்திருக்கும். தேதியை நீங்கள் முடிவு செய்ய முடியுமென்றால் காலண்டரைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். ஒரே நாளுக்குள்ளும் ஏற்றம் வற்றமாக மாறும் இடைவேளையில் ஓட்டம் அடங்கும், அந்த நேரம் உள்ளூர் ஆட்களுக்கு அத்துப்படி.

எனக்கு பஸ்லயே வாந்தி வரும். படகுல என்ன ஆவேன்?

சமாளிக்கலாம். மாத்திரை போடுவதானால் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். அதனால் மருத்துவரைக் கேட்டு, டைவ் இல்லாத ஒரு நாளில் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம்.

சாமான் பூட்டும் வேலையைப் படகு கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். ஆடும் படகில் குனிந்து ரெகுலேட்டர் மாட்டும் ஐந்து நிமிடம்தான் பாதிப்பேரைக் கவிழ்க்கிறது. பிறகு படகின் நடுப்பகுதியில், டீசல் புகை படாத இடத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். செல்போனைப் பார்க்காதீர்கள். நீருக்குள் இறங்கியதும் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். நீருக்கு அடியில் வாந்தி வந்தாலும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல் அதன் வழியாகவே எடுத்துவிட்டு, ரெகுலேட்டரின் முன்பக்கப் பொத்தானை அழுத்திச் சுத்தம் செய்யுங்கள். கேட்க அருவருப்பாக இருந்தாலும் அதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் வாந்தி எடுத்ததும் உடம்பு தானாக மூச்சை உள்ளே இழுக்கும்.

எல்லா சாமானும் சொந்தமா வாங்கிடணுமா?

வேண்டாம். முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் (ஆழம், நேரம், உடம்பில் சேரும் நைட்ரஜன் இவற்றைக் கணக்கிடும் கருவி), மேற்பரப்பு மிதவைக் குழாய், விசில். இந்த நான்கும் உங்களுடையதாக இருக்கட்டும். மற்றவை வாடகைக்குப் போதும். கம்ப்யூட்டரை ஒருவர் கையில் பார்த்து இன்னொருவர் டைவ் செய்வது கூடாது. இருவரும் ஒரே ஆழத்தில் ஒரே நேரம் இருப்பதில்லை, முந்தின டைவின் நைட்ரஜன் கணக்கும் வேறு வேறு.

மிதவைக் குழாயை வாங்கிப் பையில் போட்டுவைப்பவர்கள் அதிகம், ஊதிப் பார்த்தவர்கள் குறைவு. அது எதற்கு என்று பின்னால் படகு காணாமல் போகும் கேள்வியில் வருகிறது.

நீச்சல் குளத்துல மூழ்கறதுக்கு 4 கிலோ ஈய எடை கட்டினேன். கடல்லயும் அதேதானே?

இல்லை. கடல்நீர் நன்னீரை விடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். உடம்பும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்றால் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கூட்ட வேண்டியிருக்கும். தடிமனான உடை போட்டால் இன்னும் கூடும். அலுமினிய சிலிண்டருக்கு வேறொரு குணம் உண்டு. நிரம்பியிருக்கும்போது மூழ்கும், காலியாக ஆக மிதக்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் காற்றின் எடையே இரண்டரை கிலோவுக்கு மேல். அதனால்தான் டைவின் கடைசியில், முன்னெச்சரிக்கையாகச் சற்று நிற்க வேண்டிய 5 மீட்டரில் நிற்க முடியாமல் பலர் மேலே போய்விடுகிறார்கள்.

முதல் டைவில் மேற்பரப்பிலேயே சோதித்துவிடுங்கள். ஜாக்கெட்டைக் காலி செய்து, சாதாரண மூச்சைப் பிடித்து அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண் உயரத்தில் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டர் நிரம்பிய நிலையில் சோதித்தால், காலியாகும் காற்றுக்காக அதன் மேல் ஒன்றிரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் முன்னாடி என் காத்துதான் தீருது. அசிங்கமா இருக்கு.

அசிங்கம் ஒன்றும் இல்லை, கணக்குதான். பரவலாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தொடங்கி 50 பாரைக் கையிருப்பாக வைத்தால் செலவுக்கு 150 பார், அதாவது ஏறத்தாழ 1650 லிட்டர் காற்று. புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டருக்கு ஒரு மடங்கு அழுத்தம் கூடுவதால் 18 மீட்டரில் அது 2.8 மடங்கு, நிமிடத்துக்கு 56 லிட்டர். அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே ஆள் 10 மீட்டரில் இருந்தால் 40 நிமிடம் தாண்டும்.

எனவே முதல் தீர்வு மூச்சைக் குறைப்பதல்ல, ஆழத்தைக் குறைப்பது. வழிகாட்டியைவிட இரண்டு மூன்று மீட்டர் மேலே நீந்தினாலே வித்தியாசம் தெரியும். அடுத்தது எடை: முந்தின பதிலில் சொன்னபடி எடை சரியாக இருந்தால் கையைக் காலை ஆட்ட வேண்டியிருக்காது. மூச்சைப் பிடித்து வைத்து மிச்சப்படுத்த மட்டும் முயலாதீர்கள். தலைவலி வரும், மேலேறும்போது நுரையீரலுக்கே ஆபத்து.

குதிக்கும் முன் வழிகாட்டியிடம், “எனக்குக் காற்று சீக்கிரம் தீரும், 100 பாரில் சொல்கிறேன்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நடுவில் சொல்லாமல் 40 பாரில் கேஜைக் காட்டுபவரைத்தான் வழிகாட்டிகளுக்குப் பிடிக்காது.

காது அடைக்குது. கொஞ்சம் வலிச்சாலும் போயிட்டே இருந்தா சரியாகிடுமா?

ஆகாது. முதல் மீட்டரிலிருந்தே, வலி வருவதற்கு முன்பே காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்யத் தொடங்குங்கள். அழுத்தம் வேகமாக மாறுவது முதல் 10 மீட்டரில்தான். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு டைவ் இல்லை. சளியோடு மூக்கடைப்பு மருந்து போட்டு இறங்குவதும் வேண்டாம். மருந்தின் வேகம் நீருக்கு அடியிலேயே அடங்கினால் மேலேறும்போது அடைக்கும், அப்போது இறங்கிப் போகக் காற்று இருக்காது.

மருத்துவப் படிவத்துல எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு போடச் சொல்றாங்க நண்பர்கள். போடலாமா?

ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நெஞ்சு அறுவை சிகிச்சை போன்றவை அந்தப் படிவத்தில் சும்மா கேட்கப்படவில்லை. ‘ஆம்’ என்றாலே டைவ் கிடையாது என்று அர்த்தமுமில்லை. மருத்துவர் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். கிளம்பும் முன்பே படிவத்தை வாங்கி, மருத்துவரிடம் காட்டிவிட்டால் படகுத்துறையில் பொய் சொல்ல வேண்டிய நிலை வராது. கர்ப்பமாக இருப்பவர்கள் டைவ் செய்யக் கூடாது, அதில் மாற்றுக் கருத்தில்லை.

தெரியாத ஆளை ஜோடியா போட்டுட்டாங்க. உள்ளே அவரைக் காணோம்னா என்ன பண்றது?

குதிக்கும் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். எத்தனை டைவ் அனுபவம், எந்த அளவில் காற்றைச் சொல்வது, மாற்று ரெகுலேட்டர் எங்கே, கேமரா வைத்திருக்கிறாரா. கடைசிக் கேள்வி வேடிக்கைக்கு அல்ல. கேமராக்காரர் படம் எடுக்கத் தொடங்கினால் ஜோடி இருப்பதையே மறந்துவிடுவார்.

காணவில்லை என்றால் சுற்றிலும், மேலும் கீழும் ஒரு நிமிடம் தேடுங்கள், குமிழிகளைப் பாருங்கள். இல்லையென்றால் வழக்கமான வேகத்தில், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல், மேலே வாருங்கள். அவரும் அதையே செய்தால் மேலே சந்திப்பீர்கள். எல்லை மீறாத டைவில் (வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வரக்கூடிய நேர வரம்புக்குள் முடியும் டைவ்) 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது முன்னெச்சரிக்கைதான். பிரிந்துபோனால் நிற்பதா, நேரே மேலே போவதா என்பதையும் குதிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வந்து பார்த்தா படகையே காணோம்னா?

முதலில் ஜாக்கெட்டை நிரப்புங்கள். மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். மிதக்கச் சிரமமாக இருந்தால் எடையைக் கழற்றிவிடுங்கள், ஈயம் போனால் போகட்டும். பிறகு மிதவைக் குழாயை ஊதி நிமிர்த்திப் பிடியுங்கள். அலைக்கு நடுவில் ஒரு மனிதத் தலை சில நூறு மீட்டரிலேயே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், நெட்டுக்குத்தாக நிற்கும் ஆரஞ்சுக் குழாய் தெரியும். விசில் ஊதுங்கள். எஞ்சின் ஓடும்போது அது கேட்காது, அதனால் கண்ணாடியோ டார்ச்சோ இருந்தால் அதையும் காட்டுங்கள்.

நீரோட்டத்தை எதிர்த்துப் படகை நோக்கி நீந்தாதீர்கள். நீங்கள் மிதக்கும் திசையில்தான் தேடி வருவார்கள். பலர் சேர்ந்திருந்தால் கைகோத்து ஒரே இடத்தில் இருங்கள்.

வழிகாட்டி கூடத்தானே வர்றார்? 18 மீட்டரைத் தாண்டிக் கூட்டிட்டுப் போனா போகலாமா?

நெருடலான கேள்வி, ஏனென்றால் இது நிஜமாகவே நடக்கிறது. வழிகாட்டி இடத்தைக் காட்டுபவர். உங்களுக்காக மூச்சு விடுபவர் அல்ல. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. மேலே போட்ட கணக்கில் அதே காற்று 20 நிமிடம்தான் வரும், போதை ஏறியது போலிருக்கும் நைட்ரஜன் மயக்கமும் அந்த ஆழத்தில் எட்டிப் பார்க்கலாம். ஆழமாகப் போக ஆசையென்றால் அதற்கான பயிற்சி வகுப்பாகவே எடுத்துக்கொண்டு, ஆசிரியரோடு போங்கள். சும்மா பின்தொடர்ந்து போகாதீர்கள். பல காப்பீடுகளும் சான்றிதழ் எல்லையைத் தாண்டினால் பணம் தராது.

காப்பீடு தனியா எடுக்கணுமா? பயணக் காப்பீடு இருக்கே.

அந்தப் பத்திரத்தில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கிறதா, ஆழ வரம்பு உண்டா, அழுத்த அறைச் சிகிச்சையும் கடலிலிருந்து கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் டைவர்களுக்கான தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

கடைசி நாள் காலைல ஒரு டைவ் போட்டுட்டு சாயங்காலம் விமானம் ஏறலாமா?

கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல்படி, எல்லை மீறாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவோ பல நாளோ என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் ஒரு முழு நாளை வைத்துக்கொள்வேன். உயரமான மலைப்பாதையில் காரில் ஏறினாலும் இதே பிரச்சினைதான், அதைப் பலர் யோசிப்பதில்லை.

டைவ் முடிஞ்சு ராத்திரி தோள்பட்டை வலி. சிலிண்டர் தூக்கினதாலதானே?

இருக்கலாம். ஆனால் மூட்டு வலி, மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, தோலில் திட்டுத் திட்டான நிறமாற்றம், காரணமில்லாத கடும் அசதி, தலைசுற்றல் இவற்றில் எது 24 மணி நேரத்துக்குள் வந்தாலும் அழுத்தக் குறைவு நோயாகவே (உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டுவதால் வருவது) எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, டைவ் மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். மறுபடி நீருக்குள் இறங்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். கம்ப்யூட்டர் எல்லைக்குள் இருந்ததே என்பது பதில் ஆகாது. எல்லைக்குள் இருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது.

படகுலயே தங்கி ஒரு வாரம் டைவ் பண்ற பயணம் இப்பவே போகலாமா?

சில பாதைகளில் குறைந்தது 50 டைவ் பதிவு கேட்பார்கள், காரணத்தோடுதான். எளிதான பாதையென்றால் இருபது டைவுக்குப் பிறகு போகலாம் என்பது என் கருத்து. ஒரு நாளைக்கு மூன்று நான்கு டைவ் இருக்கும். எல்லாவற்றிலும் இறங்கியே ஆக வேண்டியதில்லை.

ஏறியதும் தூங்கும் அறையிலிருந்து இரண்டு வெளிவழிகளையும் நடந்து பாருங்கள். 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிஃபோர்னியா கடலில் நங்கூரமிட்டிருந்த ஒரு டைவ் படகில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். இரவில் சுற்றிவந்து பார்க்கும் காவல் அந்தப் படகில் இருக்கவில்லை. எனவே இரவுக் காவல் உண்டா என்று கேளுங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளைத் தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள்.

காசு கட்டியாச்சு, படகும் போயாச்சு. குதிக்கப் பயமா இருக்கு. வேண்டாம்னு சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். எந்த டைவரும் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலேயே டைவை நிறுத்தலாம் என்பது இந்தத் துறையின் பழைய வழக்கம். நீருக்குள் போன பிறகும் கட்டைவிரலை மேலே காட்டினால் போதும். ஜோடியும் உங்களோடு மேலே வந்தாக வேண்டும், விவாதம் கிடையாது. பணத்தைப் பற்றிக் கவலையாக இருந்தால், இறங்காமல் இருந்தால் என்ன விதி என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும். படகிலேயே இருக்க முடிவு செய்தால், பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவரிடம் போய் “நான் இறங்கவில்லை” என்று சொல்லிக் குறிக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் கழிவறையில் இருக்கும்போது உங்களை ஒரு மணி நேரம் கடலில் தேடிக்கொண்டிருப்பார்கள்.